கழுவக் கூடாத அரிசி

நானும் என் வீட்டுக்காரரும் வட இத்தாலியில் தங்கிய 18 இரவுகளைப் பற்றி மூன்று இதழ்களுக்கு முன்பு இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளை ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டி அனுப்பிவைத்தார். ஒன்றுவிடாமல் படித்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. வயது 61, ஓய்வு பெற்ற ஆசிரியை, சைவம். அவருக்கு 66. ரயில்வேயில் 34 வருடம் வேலை பார்த்தவர், மீன், கறி எல்லாம் சாப்பிடுவார், இடது முழங்காலில் தேய்மானம். இந்த இரண்டு உடம்புக்கும் இரண்டு நாக்குக்கும் தோதாகப் போட்ட பயணம் இது.

ஒரே வாரத்தில் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், மிலான் நான்கையும் பார்த்துவிட முடியாதா? நீங்கள் ரோமுக்கே போகாமல் வந்துவிட்டீர்களே? (சேலம் வாசகர்)

ரயில் வசதி இருக்கிறது, போய்விடலாம் ஐயா. ஆனால் பெட்டியைக் கட்டுவதிலும் பிரிப்பதிலுமே பாதிப் பொழுது போய்விடும். எங்கள் மருமகன் முதலில் போட்டுக் கொடுத்த திட்டத்தில் 12 நாளில் ஒன்பது ஊர் இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "டூட்டி சார்ட் மாதிரி இருக்கு, வேண்டாம்" என்று மடித்து வைத்துவிட்டார். டூரினில் 4 இரவு, மிலானில் 4, பொலோனியாவில் 6, வெனிஸில் 4 என்று வைத்துக்கொண்டோம். மிலானில் இறங்கி வெனிஸில் விமானம் ஏறினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. மிலானிலிருந்து பொலோனியா அதிவேக ரயிலில் ஒரு மணி சொச்சம், அங்கிருந்து வெனிஸ் ஒன்றரை மணி. பார்மா, கோமோ ஏரிக்கரை வரென்னா போன்ற இடங்களுக்குக் காலையில் கிளம்பி இரவில் திரும்பினோம்.

ரோம் இன்னொரு பயணத்துக்கு. நான் வடக்கை மட்டும் கேட்டது சாப்பாட்டுக்காக. இத்தாலி என்றதும் நமக்குப் பிட்ஸாவும் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும்தான் ஞாபகம் வரும். அது பெரும்பாலும் தெற்குச் சமையல். வடக்கே, போ என்கிற ஆற்றின் சமவெளியில் அரிசி, மக்காச்சோள மாவு, வெண்ணெய், பால் என்று அடுப்பே வேறு மாதிரி.

சோறு கிடைக்குமா அம்மா? இரண்டு நாள் சோறு இல்லையென்றால் எனக்கு உடம்பு தாங்காது. (நாகப்பட்டினம் வாசகி)

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆசையாகக் காத்திருந்தேன். ஐரோப்பாவில் நெல் அதிகம் விளைகிற நாடு இத்தாலி. அதில் பெரும்பங்கு டூரினுக்கும் மிலானுக்கும் நடுவிலும் சுற்றியும், வெர்செல்லி, நொவாரா, பாவியா பக்கம் விளைகிறது. அதிவேக வண்டி அந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். நாங்கள் வேண்டுமென்றே ஊர் ஊராக நின்று போகும் வண்டியில் ஏறினோம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஏப்ரல் மூன்றாம் வாரம் முடிகிற சமயம். வயலில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், குறுக்கும் நெடுக்குமாக வரப்பு, அதற்கு அப்பால் பனி போர்த்திய ஆல்ப்ஸ் மலை, மலையின் பிம்பம் வயலுக்குள். நான் கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். என் அம்மா நடவுக்குப் போனவள். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்ணீரில் கணிசமான பங்கு போ ஆற்றிலிருந்து கவூர் கால்வாய் வழியாக வருகிறது. 1863இல் வெட்டத் தொடங்கி 1866இல் திறந்திருக்கிறார்கள், 80 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்த வயல்களில் களை பறிக்க வெளியூர்களிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்களாம். மொண்டினே என்று அவர்களுக்குப் பெயர். மே கடைசியில் வந்தால் ஜூலை வரைக்கும் முழங்கால் தண்ணீரில் குனிந்த முதுகு நிமிராத வேலை. கூலியில் ஒரு பங்கை அரிசியாகவே அளந்து கொடுப்பார்கள். அலுப்பு தெரியாமலிருக்கப் பாட்டு. வெர்செல்லியில் 1906இல் போராடி, எட்டு மணி நேரம்தான் வேலை என்று ஒப்புக்கொள்ள வைத்தவர்களும் அவர்களே. களைக்கொல்லியும் இயந்திரமும் வந்த பிறகு அந்தக் கூட்டம் வருவது நின்றுபோயிற்று. குனிந்த முதுகும் குலவையும் நமக்குத் தெரிந்ததுதானே, அம்மா.

வெர்செல்லிக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் சமையல் சொல்லிக் கொடுத்து மதியச் சாப்பாடும் போடுகிறார்கள். எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டியம்மாள் கர்னரோலி அரிசியை அளந்து என்னிடம் கொடுத்தார். என் கை தானாகக் குழாயடிக்குப் போயிற்று. அந்த அம்மாள் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கழுவக் கூடாதாம். அரிசி மேலிருக்கிற மாவு கரைந்து போய்விட்டால், ரிசோட்டோ என்கிற அவர்களுடைய குழைசோற்றுக்கு அந்த வழவழப்பு வராது. வெண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, அரிசியை ஈரமில்லாமல் போட்டு, ஓரம் கண்ணாடி போல ஆகிற வரை வறுக்க வேண்டும். கொஞ்சம் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள், வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். பிறகு கொதிக்கிற காய்ச்சாற்றை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, அது வற்ற வற்ற அடுத்த கரண்டி. சுமார் 18 நிமிடம், கிட்டத்தட்ட விடாமல் கிளற வேண்டும். இறக்கிய பிறகு குளிர்ந்த வெண்ணெயையும் சீஸையும் போட்டு அடித்துக் கலக்கிறார்கள். தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி நகர வேண்டும், ஆனால் அரிசியின் நடுவில் பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும். எனக்காகச் சீஸ் இல்லாமல், வெண்ணெய் மட்டும் போட்டு, இளம் அஸ்பாரகஸ் தண்டு சேர்த்துச் செய்தார். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

வெறும் சோறும் ரசமும் உணவகத்தில் கேட்டால் கிடைக்காது. அடுப்படியுள்ள வீடாக வாடகைக்கு எடுத்தீர்களானால் கடையில் அரிசி கிலோக்கணக்கில் இருக்கிறது. ரசப்பொடி நம் பையில் இருக்கட்டும்.

நாங்கள் சுத்த சைவம். இத்தாலிய சீஸில் மாட்டு வயிற்றிலிருந்து எடுத்த பொருள் சேர்க்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? பிறகு எதைத்தான் சாப்பிடுவது? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

உண்மைதான். நேரிலேயே பார்த்தேன். பார்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சீஸ் கூடத்துக்குக் காலை எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆள் உயரத்துக்கு மணி கவிழ்த்தாற்போல் செப்புக் கொப்பரைகள். முந்தின மாலைப் பாலை இரவு முழுக்க வைத்திருந்து ஏடு எடுத்துவிட்டு, காலைப் பாலோடு சேர்த்து ஊற்றுகிறார்கள். முந்தின நாள் சீஸ் செய்து மிஞ்சிய தெளிநீரைக் கொஞ்சம் விடுகிறார்கள், நாம் உறை ஊற்றுவது போல. அதன் பிறகு ஒரு குவளையிலிருந்து பழுப்பான நீர். அதுதான் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். வேலை செய்த இளைஞரிடம் கேட்டேன், மறைக்காமல் சொன்னார். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதைத்தான் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். கிரானா பதானோ, கொர்கோன்சோலா சீஸ்கள் இரண்டிலும் பொதுவாக அதே வழக்கம்தான்.

சுமார் 550 லிட்டர் பாலிலிருந்து 40 கிலோ சீஸ் ஒன்று வருகிறது. திரிந்ததை உடைத்து, சூடேற்றி, அடியில் படிந்த பெரிய உருண்டையைத் துணியில் கட்டித் தூக்கி இரண்டாக வெட்டுகிறார்கள். இரட்டைப் பிள்ளை என்றே அதற்குப் பெயர். அச்சில் வைத்து, உப்பு நீரில் கிடத்தி, குறைந்தது 12 மாதம் அடுக்கில் வைத்துப் பழுக்க விடுகிறார்கள். பிறகு ஒருவர் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, காதால் கேட்டே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார். நம்மூர்ச் சந்தையில் தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிற அதே காது! இவர் 24 மாதத்துத் துண்டையும் 36 மாதத்துத் துண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார். பழையதில் கற்கண்டுத் துகள் போல நறநறவென்று கடிபடுகிறதாம். நான் தொடவில்லை. அந்த வேலையின் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை அதனால் குறையவில்லை.

கடைப் பொட்டலத்தில் "காலியோ வெஜெத்தாலே" என்று எழுதியிருந்தால் தாவர உறைபொருள். மிலான் பக்கத்து மஸ்கர்போனே என்கிற பாலேட்டுச் சீஸ் புளிப்பு சேர்த்துத் திரிய வைப்பது, அதில் இந்தச் சிக்கல் இல்லை.

இனி, நான் சாப்பிட்டவை. டூரினில் ஃபரினாத்தா: கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செப்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டு வெட்டித் தருகிறார்கள். மிளகைத் தூவி நின்றுகொண்டே சாப்பிடலாம். மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டேன். பொலென்டா என்கிற மக்காச்சோளக் களி, காளானோடு. எங்கள் பாட்டி துடுப்பால் கிண்டிய களியின் அண்ணன் தம்பி. எங்கே போனாலும் மரினாரா பிட்ஸா, அதில் தக்காளி, பூண்டு, ஓரெகானோ மட்டும்தான், சீஸ் கிடையாது. வெனிஸில் சந்த் எராஸ்மோ தீவில் வசந்த காலத்தில் விளையும் இளம் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) மொட்டு. முட்டையும் கூடாதென்றால் உலர்ந்த பாஸ்தாவாகக் கேளுங்கள். பொலோனியா பக்கத்தில் கையால் தேய்க்கும் தல்யதெல்லே என்கிற நாடா பாஸ்தா முட்டை போட்டுப் பிசைந்த மாவு.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மிலானின் மஞ்சள் நிறக் குங்குமப்பூ ரிசோட்டோ பார்க்கச் சைவமாகத் தெரியும், வழக்கப்படி அதில் எலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் உண்டு. பொலோனியா பக்கத்து ரொட்டி வகைகள் பலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. கறி வேண்டாம், மீன் வேண்டாம், கறிச்சாறு வேண்டாம், கொழுப்பு வேண்டாம், சீஸ் வேண்டாம் என்று இத்தாலிய மொழியில் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு போனேன். பரிமாறியவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அட்டையை உள்ளே சமையல்காரரிடமே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்கள்.

மிலானில் இருக்கும் "இறுதி இராவுணவு" ஓவியத்துக்கு டிக்கெட் கிடைக்கவே இல்லை. நீங்கள் எப்படி வாங்கினீர்கள்? (திருநெல்வேலி வாசகர்)

விற்பனை தொடங்கிய அன்றைக்கே எங்கள் மகள் உட்கார்ந்து வாங்கினாள். முதலில் இந்த டிக்கெட், பிறகுதான் விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு சிறு குழுவாகத்தான் விடுகிறார்கள், 15 நிமிடம்தான். லியொனார்டோ டா வின்சி ஈரச் சுண்ணாம்பின் மேல் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்ததால், அவர் இருக்கும்போதே நிறம் உதிரத் தொடங்கிவிட்டது. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து, ஓவியம் இருக்கிற மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் பெரும்பகுதி இடிந்தபோது, மணல் மூட்டை அடுக்கிக் காத்த இந்தச் சுவர் நின்றது. 1978இல் தொடங்கிய சீரமைப்பு 1999இல்தான் முடிந்தது. இவ்வளவையும் தாண்டி எஞ்சியிருக்கிற கைகளைப் பாருங்கள், சீடர்கள் பன்னிரண்டு பேரின் கைகளும் ஒவ்வொன்று சொல்கின்றன. முகங்களைவிட அவைதான் எனக்கு நிலைத்தன.

டிக்கெட் கிடைக்காவிட்டால் மிலான் வீணாகிவிடாது. பேராலயத்தின் கூரைக்கு லிஃப்டில் ஏறுங்கள். 1386இல் தொடங்கிய கட்டடம். கந்தோலியா மலையிலிருந்து இளஞ்சிவப்புச் சாயல் சலவைக்கல்லை ஏரி, ஆறு, கால்வாய் என்று படகிலேயே நகருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏப்ரல் 25 அவர்களுடைய விடுதலை நாள், மே 1 தொழிலாளர் நாள். அந்த இரண்டு விடுமுறையை ஒட்டிக் கூட்டம் நெரிகிறது.

ரயிலில் அபராதம் கட்டினோம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். என்ன ஆயிற்று? (ஈரோடு வாசகர்)

உள்ளூர் வண்டிகளுக்கு எடுக்கிற காகித டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடையிலிருக்கும் இயந்திரத்தில் நுழைத்து நேரம் பதிக்க வேண்டும். பதிக்காத டிக்கெட் அங்கே டிக்கெட்டே இல்லை. பார்மாவுக்குப் போகும் அவசரத்தில் விட்டுவிட்டோம். பரிசோதகர் இரண்டு பேருக்கும் அபராதம் எழுதினார். 34 வருடம் ரயில்வேயில் இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பணம் பெரிதில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவரைப் போல நான்கு பேர் முன்னால் உட்கார்ந்திருந்ததை அவரால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் வரை பேசவில்லை. கைபேசியில் எடுக்கும் உள்ளூர் டிக்கெட்டுக்கும் ஏறுமுன் செக்-இன் செய்ய வேண்டும். இருக்கை எண்ணோடு வரும் அதிவேக வண்டி டிக்கெட்டுக்கு இது தேவையில்லை.

முழங்கால் வலிக்காரர்கள் வெனிஸ் போகலாமா? (கோவை வாசகி)

போகலாம், பெட்டி சிறிதாக இருந்தால். நானூறுக்கு மேல் பாலம், அநேகமாக எல்லாவற்றிலும் படி. சாந்தா லூச்சியா ரயில் நிலையத்திலிருந்து ஒரே ஒரு பாலம் தாண்டினால் போதும் என்கிற இடத்தில் அறை எடுத்தோம். மற்றதெல்லாம் நீர்ப்பேருந்து. ஒரு தடவைக்கு 9.50 யூரோ, ஒரு நாள் பாஸ் 25 யூரோ, ஆகவே பாஸ்தான். ஒன்றாம் எண் வண்டியில் பெருங்கால்வாய் முழுக்க ஒரு முறை பகலில், ஒரு முறை இரவில் போனோம். பகலில் மட்டும் வந்து திரும்புகிறவர்களிடம் 2024 முதல் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கேயே தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனாலும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இவருக்கு அங்கே பிடித்தது சார்தே இன் சவோர். பொரித்த மத்தி மீனை வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் கொட்டை சேர்த்து ஊறவைத்தது. கப்பலில் போகிறவர்களுக்காகக் கெடாமலிருக்கச் செய்த பண்டமாம். இவருடைய அப்பத்தா பழைய மீன் குழம்பை மறுநாள் போட்ட ஞாபகம் வந்துவிட்டது என்றார்.

டூரினில் என்ன இருக்கிறது? யாரும் அந்த ஊரைச் சொல்வதே இல்லையே. (வேலூர் வாசகர்)

சொல்லாததால்தான் நிம்மதியாக நடக்கலாம். 1824இல் தொடங்கிய எகிப்திய அருங்காட்சியகம் இருக்கிறது, அரை நாள் வேண்டும். பிச்செரின் என்று சின்னக் கண்ணாடிக் கோப்பையில் சூடான சாக்லெட், காபி, மேலே பாலேடு, மூன்றும் கலக்காமல் அடுக்காகத் தருகிறார்கள். தெருவுக்குத் தெரு பச்சை வண்ணக் காளைத்தலைக் குழாயில் குடிநீர் விழுந்துகொண்டேயிருக்கும். பாட்டில் வாங்காதீர்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்கள். (சென்னை வாசகி)

காபியை நின்றுகொண்டே குடியுங்கள். உட்கார்ந்தால் விலை ஏறும், பெரிய சதுக்கங்களில் பல மடங்கு. மேசைக்குப் போனால் கொபெர்த்தோ என்று மேசைக் கட்டணமாக ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ப்பார்கள், அது ஏமாற்று இல்லை, பட்டியலிலேயே எழுதியிருக்கும். மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இரவுக்கு ரொட்டியும் பழமும் வைத்துக்கொண்டோம். ஷெங்கன் விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் வேண்டும்.

இத்தனை நாள் இரண்டு பேர் மட்டும். சண்டை வரவில்லையா? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

வந்தது தங்கையே. 37 வருடத்தில் பிள்ளைகள், மாமியார், பள்ளிக்கூடம், நைட் டூட்டி என்று யாராவது எதுவாவது நடுவில் இருந்தபடியே ஓடிவிட்டது. 18 நாள் தனியாக இருந்தது இதுதான் முதல் தடவை. முதல் நான்கு நாள் சாப்பாட்டு மேசையில் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

பொலோனியாவில் தெருவெல்லாம் வளைவுத் தாழ்வாரம். 1288இலேயே புது வீடு கட்டுகிறவர்கள் தாழ்வாரம் விட வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். நகரத்தின் தாழ்வாரங்களை எல்லாம் சேர்த்தால் 62 கிலோமீட்டர். அதில் ஒன்று 666 வளைவுகளோடு சான் லூகா கோவில் வரை குன்றின் மேல் ஏறுகிறது. எனக்கு ஏறியே ஆக வேண்டும். மெலொன்செல்லோ வளைவில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில், "என்னால முடியாது, நீ போயிட்டு வா" என்றார். எனக்குக் கோபம். தனியாகவே ஏறினேன். மேலே போய் நின்றால் ஊர் முழுக்கச் செங்கல் நிறத்தில் விரிந்து கிடக்கிறது. காட்டுவதற்குப் பக்கத்தில் ஆளில்லை. இறங்கி வந்தபோது அதே வளைவின் கல்மேடையில், காகிதப் பையில் ஸ்ட்ராபெரி வாங்கி, நல்லதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் பயணிகளை ஏற்றிப்போகும் குட்டி வண்டியில் இருவருமாக மேலே போனோம்.

அங்கிருந்து என்ன வாங்கி வந்தீர்கள்? (தஞ்சாவூர் வாசகி)

நடுவில் ஓட்டை போட்ட மரக்கரண்டி ஒன்று. ரிசோட்டோ கிளறவே செய்தது, ஓட்டை வழியாக அரிசி புகுந்து போவதால் நசுங்காது. பண்ணை வீட்டு அம்மாள் கொடுத்தது, காசு வாங்க மறுத்துவிட்டார். கர்னரோலி அரிசி சென்னையிலேயே பெரிய கடைகளில் கிடைக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முருங்கைக்காய் வேகவைத்த சாற்றில் செய்து பார்த்தேன். அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டதும் கை வழக்கம்போலக் குழாயைத் திறந்துவிட்டது. கூடத்திலிருந்து இவர் சத்தம் போட்டார், "ஏய், கழுவாதே!" பிறகு எழுந்து வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். 18 நிமிடமும் அவர்தான் கிளறினார்.